நிழலைத் தேடும் முன் சார்ஜ் அளவைப் பாருங்கள்

கேள்வி: மின்சாரக் கார் வாங்கி 14 மாதங்கள் ஆகின்றன. அலுவலகம் வீட்டிலிருந்து 15 கிலோமீட்டர். அங்கே திறந்தவெளியில், தார்த் தரையில், காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை வண்டி வெயிலில் நிற்கிறது. இரவு குடியிருப்பின் அடித்தளத்தில் நிறுத்தி, தினமும் 100 சதவீதம் சார்ஜ் போட்டுவிடுவேன். புதிதில் முழு சார்ஜுக்கு 340 கிலோமீட்டர் காட்டிய திரை, இப்போது 305 காட்டுகிறது. வெயில் பேட்டரியைத் தின்றுவிட்டது என்கிறார் கூட வேலை பார்ப்பவர். பக்கத்துக் கட்டடத்தில் கூரை போட்ட பார்க்கிங் மாத வாடகைக்குக் கிடைக்கிறது. எடுத்துவிடலாமா? குளிர்நாட்டில் இருக்கும் என் தங்கையோ, பனிக்காலத்தில் தன் காரின் ரேஞ்ச் பாதியாகிவிடுகிறது என்கிறாள். பேட்டரிக்கு எதிரி வெயிலா, குளிரா?

பதில்:

வாடகைப் பார்க்கிங்குக்கு அவசரப்பட்டு முன்பணம் கொடுத்துவிட வேண்டாம். உங்கள் கடிதத்தில் வெயிலைவிட என்னை உறுத்தியது, "தினமும் 100 சதவீதம்" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். 340 கிலோமீட்டர் ஓடும் வண்டியில் 15 கிலோமீட்டர் போனால் நாலைந்து சதவீதம் குறையும். ஆக, காலையில் 100-இல் கிளம்பும் கார் 95-இல் போய் வெயிலில் நிற்கிறது. ஒன்பது மணி நேரம் அப்படியே. மாலை வீடு திரும்பும்போது 90. வந்ததும் பிளக்கைச் செருகுகிறீர்கள். ஓரிரு மணி நேரத்தில் மறுபடி 100. அப்புறம் விடியும்வரை அதே 100. வார நாட்களில் உங்கள் பேட்டரி 90-க்குக் கீழே எட்டிப் பார்த்ததே இல்லை. ஒரு நாளில் வண்டி ஓடுவது ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ. மிச்ச நேரமெல்லாம் வயிறு நிறைந்த நிலையில் சும்மா நிற்கிறது. உங்களைப் போலக் குறைவாக ஓட்டுபவர்களின் காரில் பேட்டரிக்கு வயதாவது பெரும்பாலும் அந்தச் சும்மா நிற்கும் நேரத்தில்தான்.

நான் வேலை பார்ப்பது பேட்டரி செல்களைச் சோதிக்கும் கூடத்தில். அங்கே நடப்பதிலேயே சலிப்பான சோதனை ஒன்று உண்டு. ஒரே மாதிரியான செல்களை எடுத்து, ஒன்றை 50 சதவீதம், ஒன்றை 80, ஒன்றை 100 என்று சார்ஜ் செய்து, சூடு மாறாத பெட்டிகளுக்குள் வைத்துப் பூட்டிவிடுவோம். ஒரு பெட்டி 25 டிகிரி செல்சியஸ், இன்னொன்று 45. பிறகு மாதக்கணக்கில் யாரும் சீண்டமாட்டோம். அவ்வப்போது வெளியே எடுத்து, எவ்வளவு கொள்ளளவு மிச்சம் என்று அளந்துவிட்டுத் திரும்ப வைப்போம். ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத செல்கள் அவை. ஆனாலும் தேய்கின்றன. யோசித்தால் அது ஒரு பார்க்கிங் சோதனைதான். சூடான பெட்டியில் முழு சார்ஜோடு கிடக்கும் செல்தான் பெரும்பாலும் முதலில் தளரும். அதே சூட்டில் பாதி சார்ஜோடு கிடப்பது அதைவிட நன்றாகவே தாக்குப்பிடிக்கும்.

ஏன் அப்படி? லித்தியம் அயன் செல்லின் ஒரு பக்கம் கிராஃபைட் இருக்கிறது. சார்ஜ் ஏற ஏற லித்தியம் அங்கே வந்து அடைகிறது. அந்த கிராஃபைட்டுக்கும் செல்லுக்குள் இருக்கும் மின்பகு திரவத்துக்கும் ஒத்துப்போகாது. இரண்டும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் திரவம் சிதைந்து, மெல்லிய படலமாகப் படிகிறது. அந்தப் படலம் வேண்டியதுதான்; அது காவலுக்கு இல்லாவிட்டால் செல் சீக்கிரமே வீணாகிவிடும். ஆனால் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்துக்கொண்டே போகிறது. தடிக்கும் ஒவ்வொரு முறையும் சிறிது லித்தியத்தை விழுங்குகிறது. விழுங்கியது திரும்பி வராது. உங்கள் ரேஞ்சில் அந்த அளவு போனது போனதுதான். முழு சார்ஜில் எதிர்ப்பக்க மின்முனையின் மின்னழுத்தமும் உச்சத்தில் இருப்பதால், அந்தப் பக்கமும் திரவம் சிதையத் தொடங்கும். இதெல்லாம் சூட்டில் வேகமெடுக்கும். 10 டிகிரி கூடினால் தேயும் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்று நாங்கள் கைக்கணக்கு வைத்திருக்கிறோம். செல்லுக்குச் செல் மாறும். ஆனாலும் ஒரு குத்துமதிப்புக்கு உதவும்.

படலம் தடிக்கத் தடிக்க, அதுவே தடுப்பாக நின்று தன் வளர்ச்சியைத் தானே மட்டுப்படுத்திக்கொள்ளும். அதனால்தான் முதல் வருடத்தில் கொள்ளளவு சற்றுக் கூடுதலாகக் குறைந்து, பிறகு நிதானத்துக்கு வருகிறது. முதல் வருடக் குறைவை எட்டு வருடத்தால் பெருக்கிப் பார்த்துப் பயப்படுபவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். அந்தப் பெருக்கல் தப்பு.

சரி, வெயிலுக்கு வருவோம். வெயிலில் நிற்கும் காரில் பேட்டரி எவ்வளவு சூடாகிறது? 2018-இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடும் கோடையில் கார்களை வெயிலிலும் நிழலிலும் நிறுத்தி அளந்தார்கள். வெயிலில் நின்ற கார்களின் உட்புறம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 47 டிகிரியைத் தொட்டது. டேஷ்போர்டு 69 டிகிரி. நிழலில் நின்றவற்றின் உட்புறம் 38 டிகிரி வாக்கில் இருந்தது. இந்த 69-ஐப் பார்த்துவிட்டுப் பேட்டரியும் அப்படித்தான் கொதிக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் பேட்டரி இருப்பது இருக்கைகளுக்கும் கீழே, வண்டியின் அடியில். வெயில் அதன்மேல் நேராக விழுவதில்லை. எடையும் சில நூறு கிலோ. அவ்வளவு கனமான பொருள் சூடேற மணிக்கணக்காகும்; ஆறவும் மணிக்கணக்காகும். அரை மணி, ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்தினால் பேட்டரிக்கு அது தெரியவே தெரியாது. கார்தான் அடுப்பாகிவிட்டதே என்று நீங்கள்தான் தவிப்பீர்கள்.

ஒன்பது மணி நேரம் என்றால் கதை வேறு. சுற்றிலும் அனல் காற்று, கீழே வெயிலை உறிஞ்சிக் கக்கும் தார்த் தரை. இரண்டும் சேர்ந்து மெல்ல மெல்ல ஏற்றிவிடும். ஓடும்போது பேட்டரியின் சூட்டை வாங்கிக்கொண்டு போகும் குளிர்விப்புத் திரவமான கூலன்ட், வண்டியை அணைத்ததும் பல கார்களில் நின்றுவிடும். பேட்டரி அபாய அளவை நெருங்கினால்தான் சில கார்களில் தானாகக் கிளம்பும். 35, 40 டிகிரியை அது பெரிதாக எடுத்துக்கொள்ளாது. மாலையில் ஏறி ஏசியைப் போட்டால் ஐந்து நிமிடத்தில் உங்களுக்குக் குளிர்ந்துவிடும். பேட்டரியோ வீட்டுக்கு வந்து வெகு நேரம் ஆன பிறகும் பகல் சூட்டைச் சுமந்துகொண்டு இருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் நீங்கள் பிளக்கைச் செருகுகிறீர்கள்.

ஊர்ச் சூடு பேட்டரியை என்ன செய்யும் என்பதை உலகத்துக்குக் காட்டிக்கொடுத்த கார் நிசான் லீஃப். 2010 டிசம்பரில் வாடிக்கையாளர் கைக்கு வரத் தொடங்கியது. அதன் பேட்டரிக்குத் திரவக் குளிர்விப்பு கிடையாது. 2012 கோடையில், அரிசோனாவின் ஃபீனிக்ஸ் வட்டாரத்தில் லீஃப் வைத்திருந்தவர்கள், கொள்ளளவைக் காட்டும் 12 கட்டங்கள் ஒவ்வொன்றாக மறைவதைக் கண்டு புகார் எழுப்பினார்கள். வாங்கி இரண்டு வருடம்கூட நிறையவில்லை. குளிர்ந்த பகுதிகளில் ஓடிய அதே கார் அப்படித் தேயவில்லை. கடைசியில், ஐந்து வருடம் அல்லது 60,000 மைலுக்குள் 9 கட்டங்களுக்குக் கீழே இறங்கினால் சரிசெய்து தருகிறோம் என்று நிறுவனம் உத்தரவாதம் கொடுத்தது. பிறகு சூட்டைக் கூடுதலாகத் தாங்கும் செல்களும் வந்தன. உங்கள் அலுவலக நண்பர் சொல்லும் பயத்துக்கு வேர் அந்தக் காலத்தில் இருக்கிறது. பொய்யில்லை, கொஞ்சம் பழசாகிவிட்டது. ஆயிரக்கணக்கான மின்சார வண்டிகளின் ஓட்டத் தரவுகளை ஆராய்ந்த ஜியோடேப் நிறுவனம், பேட்டரி சராசரியாக வருடத்துக்கு 2.3 சதவீதம் தேய்கிறது என்று 2020-இல் சொன்னது. 2024-இல் புது வண்டிகளையும் சேர்த்துப் பார்த்தபோது அது 1.8-ஆக இறங்கியிருந்தது. உங்கள் காரில் திரவக் குளிர்விப்பு இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். இருந்தால் பாதிக் கவலையை விடலாம். இல்லையென்றால் நிழலின் மதிப்பு உங்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல்.

கையேட்டைத் திறந்த கையோடு இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள்: செல் என்ன வகை? நிக்கல் கலந்த என்எம்சி வகை என்றால் தினசரி வரம்பு 80 சதவீதம் என்பது போல ஏதாவது எழுதியிருக்கும். இரும்பு பாஸ்பேட் வகை, அதாவது எல்எஃப்பி என்றால், வாரம் ஒருமுறையாவது 100 வரை போடச் சொல்லியிருப்பார்கள். இந்த இரண்டாவது அறிவுரையைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். எல்எஃப்பி செல்லின் மின்னழுத்தம் சார்ஜின் பெரும்பகுதியில் ஏறாமல் இறங்காமல் சமதளமாகப் போகும். அதனால் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று காரால் துல்லியமாகக் கணிக்க முடிவதில்லை. அவ்வப்போது உச்சியைத் தொட்டால்தான் அதன் கணக்கு சரியாகும். வாரம் ஒருமுறை என்பது அந்தக் கணக்குச் சரிபார்ப்புக்காக. முழு சார்ஜில் வாரக்கணக்கில் நின்றால் எல்எஃப்பியும் தேயத்தான் செய்யும். என்எம்சி அளவுக்கு இல்லை, அவ்வளவுதான்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. காரின் திரையிலோ செயலியிலோ சார்ஜ் வரம்பை 70 சதவீதத்துக்கு வையுங்கள். (எல்எஃப்பி என்றால் வாரம் ஒருநாள் மட்டும் 100.) 70-இல் கிளம்பினால் 60-இல் திரும்புவீர்கள்; அவசரத்துக்கு 180 கிலோமீட்டராவது எப்போதும் கையிருப்பு. தூரப் பயணத்துக்கு முந்தின இரவு தாராளமாக 100 போடுங்கள். விடிந்ததும் கிளம்பிவிடப்போகிறீர்கள், கெடுதல் ஒன்றும் இல்லை. வரம்பு வைக்கும் வசதியே இல்லாத காராக இருந்தால், தினமும் செருகாமல் மூன்று நாளைக்கு ஒருமுறை செருகி, அலாரம் வைத்துப் பிடுங்கிவிடலாம். கொஞ்சம் அலுப்புதான்.

அப்புறம், வந்ததும் செருகும் பழக்கத்தை மாற்றுங்கள். பிளக்கைச் செருகினாலும் சார்ஜ் பின்னிரவில் தொடங்கும்படி நேரம் குறித்துவிடுங்கள். அதற்குள் பேட்டரி ஓரளவு ஆறியிருக்கும். சார்ஜ் முடிவதும் நீங்கள் கிளம்புவதும் ஒட்டி ஒட்டி வரும். வெயிலில் நாள் முழுக்க நின்ற வண்டியை நேரே ஃபாஸ்ட் சார்ஜருக்கு ஓட்டிப்போவதைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். பயணத்தின் நடுவே வேறு வழியில்லையென்றால் போடுங்கள். சூடு மிஞ்சினால் காரே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

இவ்வளவும் காசு செலவில்லாத வேலைகள். இதற்குப் பிறகும் வாடகை நிழல் வேண்டுமா? பேட்டரிக்காக மட்டும் என்றால், திரவக் குளிர்விப்பு உள்ள காருக்கு நான் எடுக்கமாட்டேன். 95 சதவீதத்தில் நிழலில் நிறுத்துவதைவிட, 65 சதவீதத்தில் வெயிலில் நிறுத்துவதற்குத்தான் என் ஓட்டு. மாலையில் சுடாத இருக்கையில் உட்கார வேண்டும், டேஷ்போர்டு வெளிறக் கூடாது, ஏறியதும் ஏசியை உச்சத்தில் அலறவிடக் கூடாது என்றெல்லாம் ஆசைப்பட்டால் எடுங்கள். அதெல்லாம் நியாயமான காரணங்கள். இருக்கிற இடத்திலேயே கூட இன்னும் நல்ல மூலை கிடைக்கலாம். பிற்பகல் நிழல்தான் முக்கியம், காலை நிழல் கிடைத்துப் பெரிய பயனில்லை. கட்டடத்தின் கிழக்குப் பக்கத்தில் மதியத்துக்கு மேல் நிழல் விழும். தார்த் தரையைவிட மண் தரையோ புல் தரையோ தேவலாம். முன் கண்ணாடிக்கு வைக்கும் மடிப்புத் திரை உட்புறத்துக்கு நல்லது. பேட்டரிக்கு அதனால் பெரிதாக ஒன்றும் இல்லை. சில கார்களில் நிறுத்தியிருக்கும்போது உட்புறச் சூட்டைத் தணிக்கும் வசதி இருக்கிறது. அது குளிர்விப்பது இருக்கைப் பகுதியை, செலவழிப்பது பேட்டரியை. தெரிந்து பயன்படுத்துங்கள்.

340-க்கும் 305-க்கும் வருவோம். 35 கிலோமீட்டர் குறைந்ததைப் பத்து சதவீதத் தேய்மானம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். திரையில் தெரியும் ரேஞ்ச், சமீபத்தில் நீங்கள் எப்படி ஓட்டினீர்கள், ஏசி எவ்வளவு ஓடியது என்பதை வைத்துக் கார் போடும் ஊகம். கோடையில் நெரிசலில் ஊர்ந்தால் குறையும். இதமான பருவத்தில் நிதானமாக ஓட்டினால் கூடும். உண்மை நிலை தெரிய வேண்டுமா? வெயிலும் குளிரும் கடுமையாக இல்லாத ஒரு நாளில் 90 சதவீதத்தில் தொடங்கி 20 வரை, வழியில் சார்ஜ் போடாமல் ஓட்டுங்கள். எத்தனை யூனிட் செலவானது என்று திரை சொல்லும். 70 சதவீதத்துக்கு 28 யூனிட் என்றால், முழு பேட்டரிக்கு 40 யூனிட். புதிதில் பயன்படுத்தக்கூடிய அளவு என்ன என்பதை இதோடு ஒப்பிடுங்கள். ஓரிரு சதவீதம் முன்பின் இருக்கும். ஆனால் ரேஞ்ச் எண்ணை நம்புவதைவிட இது எவ்வளவோ மேல். பல நிறுவனங்கள் எட்டு வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர்வரை 70 சதவீதக் கொள்ளளவுக்கு உத்தரவாதம் தருகின்றன. உங்களுக்கு என்ன எழுதித் தந்திருக்கிறார்கள் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கை சொல்வதும் உண்மைதான், ஆனால் அது வேறு நோய். குளிரில் செல்லுக்குள் எல்லாம் மந்தமாகிவிடும், மின்தடை கூடும். அதைவிட, உட்புறத்தைச் சூடாக்க நிறைய மின்சாரம் போகும். பெட்ரோல் காரில் எஞ்சினின் வீண் சூடு இலவசமாகக் கிடைக்கும். இங்கே அதையும் பேட்டரிதான் கொடுக்க வேண்டும். அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2019-இல் நடத்திய சோதனையில், சுமார் மைனஸ் 7 டிகிரியில் ஹீட்டர் போட்டு ஓட்டியபோது ரேஞ்ச் சராசரியாக 41 சதவீதம் குறைந்தது. 35 டிகிரி வெயிலில் ஏசி போட்டு ஓட்டியபோது 17 சதவீதம்தான் குறைந்தது. இதைப் பார்த்தால் குளிர்தான் பெரிய எதிரி போலத் தோன்றும். ஆனால் வசந்தம் வந்ததும் அந்த 41 சதவீதம் திரும்பி வந்துவிடும். வெயிலில் படலம் விழுங்கியது எந்தப் பருவத்திலும் வராது. குளிரில் நிற்கும் பேட்டரி உண்மையில் மெதுவாகத்தான் மூப்படைகிறது. 2024-இல் விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பது மின்சாரக் காராக இருந்த நாடு, குளிருக்குப் பேர்போன நார்வே.

குளிரில் ஒரே ஒரு ஆபத்து உண்டு. உறைநிலைக்குக் கீழே இருக்கும் செல்லை வேகமாகச் சார்ஜ் செய்தால், லித்தியம் கிராஃபைட்டுக்குள் நுழைய முடியாமல் அதன் மேலேயே உலோகமாகப் பூச்சுப் பிடித்துவிடும். அது நிரந்தரச் சேதம். அதனால்தான் கார் அந்நேரம் சார்ஜ் வேகத்தை அடக்கி வைக்கிறது. பிரேக் பிடிக்கும்போது மின்சாரம் திரும்ப ஏறுவதையும் குறைக்கிறது. தங்கை அதைக் கோளாறு என்று நினைத்து சர்வீஸுக்கு ஓட வேண்டாம். அவளுக்கு என் யோசனை உங்களுக்குச் சொன்னதற்கு நேர் எதிர்: வீட்டுக்கு வந்ததும், ஓடிய சூடு ஆறும் முன்பே சார்ஜ் போட வேண்டும். கிளம்பும் முன் பிளக் செருகியபடியே வண்டியைச் சூடாக்கிக்கொண்டால், அந்தச் செலவு சுவரிலிருந்து போகும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மூன்று நான்கு வாரம் ஊருக்குப் போவதென்றால் 50 சதவீதத்தில் அடித்தளத்தில் விட்டுப் போங்கள். காரில் கண்காணிப்புக் கேமரா இருந்தால் அணைத்துவிடுங்கள். செயலியைத் திறந்து திறந்து வண்டி எப்படி இருக்கிறது என்று பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் கார் தூக்கம் கலைந்து எழுந்து கொஞ்சம் மின்சாரத்தைச் செலவழிக்கும். மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும் அடித்தளம் என்றால் மட்டும் நிழலாவது மண்ணாவது, மேலே எங்காவது நிறுத்திவிட்டுப் போங்கள். இன்னொரு விஷயம்: பெரிய பேட்டரியைப் பற்றியே எல்லாரும் கவலைப்படுகிறோம், வண்டியின் விளக்கையும் பூட்டையும் கணினியையும் எழுப்பிவிடும் சின்ன 12 வோல்ட் பேட்டரியை மறந்துவிடுகிறோம். ஈய அமில வகையாக இருந்தால் சூட்டில் அது சீக்கிரமே போய்விடும். என் சொந்தக் கார் ஒருநாள் பெரிய பேட்டரியில் 64 சதவீதம் வைத்துக்கொண்டு கதவைக்கூடத் திறக்கவில்லை. இழுவை வண்டியோடு வந்தவர், நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். சொல்லவில்லை.

வரம்பை 70-க்கு மாற்றி, பருவம் கொஞ்சம் இதமானதும் அந்த 90-இலிருந்து 20 வரையிலான ஓட்டத்தைச் செய்து பாருங்கள். யூனிட் கணக்கையும், அன்றைய வெளி வெப்பநிலையையும், செல் வகையையும் எழுதி அனுப்புங்கள். பேட்டரி எங்கே நிற்கிறது என்று அதை வைத்துச் சொல்கிறேன்.